கையும் பிஸ்டனும்

அவசரப் பிரிவுக்குக் கருவி வாங்கப் பணம் ஒதுக்கப்படும்போதெல்லாம் பட்டியலின் தலையில் வந்து உட்கார்ந்துகொள்வது நெஞ்சழுத்தும் இயந்திரம்தான். நோயாளியின் முதுகுக்கு அடியில் ஒரு பலகை, மேலே வளைந்த ஒரு சட்டம், அதன் நடுவிலிருந்து இறங்கும் பிஸ்டன், பிஸ்டன் முனையில் ரப்பர் கிண்ணம். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய லூக்காஸ் என்ற கருவி இந்த வகையில் அதிகம் பேசப்படுவது. பேட்டரியைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் நிமிடத்துக்கு நூறு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல், ஒரே சீராக இறங்கி ஏறும். அதற்குக் கை வலிக்காது, இடுப்பு பிடிக்காது. முதன்முறை பார்க்கிறவர்களுக்கு, மனிதக் கைக்கு இனி இங்கே வேலையில்லை என்றே தோன்றும். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்ல வருவது வேறு. கிள்ளான் பள்ளத்தாக்கில் இதயம் நின்றுபோய் மீள்கிறவர்களின் எண்ணிக்கை உயர வேண்டுமானால், முதல் ரிங்கிட் இந்த இயந்திரத்துக்குப் போகக்கூடாது. எங்கள் கைகள் ஒழுங்காக அழுத்துவதற்கும், அம்புலன்ஸ் வருவதற்கு முன்பே வீட்டில் இருக்கிற ஒருவர் நெஞ்சில் கை வைப்பதற்கும்தான் அது போக வேண்டும்.

காரணத்தை உடம்பிலிருந்து தொடங்க வேண்டும். மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. ஆள் வலியோடு பேசிக்கொண்டிருப்பார். இதய நிறுத்தம் வேறு; அதில் இதயம் ரத்தத்தைத் தள்ளுவதையே விட்டுவிடுகிறது. சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். அப்போது நெஞ்சை அழுத்தினால் மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் கொஞ்சம் ரத்தம் போகும். ஆனால் இதயத் தசைக்கு ரத்தம் கிடைப்பது பெரும்பாலும் கையைத் தளர்த்துகிற நேரத்தில்தான். நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடாமல் அதன் மேல் சாய்ந்தபடியே அழுத்துகிறவர், மூளைக்குக் கொடுத்து இதயத்தைப் பட்டினி போடுகிறார். 1990இல் நார்மன் பாராடிஸும் அவருடைய குழுவினரும் 100 நோயாளிகளிடம் இதயத் தசைக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தத்தை அளந்தார்கள். உச்ச அளவிலும் 15 மில்லிமீட்டர் பாதரசத்தை எட்டாதவர்களில் ஒருவருக்குக்கூட இதயத் துடிப்பு திரும்பவில்லை. இந்த அழுத்தம் எடுத்த எடுப்பில் வந்துவிடுவதும் இல்லை. தோட்டத்து அடிபம்பில் முதல் சில அடிகளுக்குத் தண்ணீர் வராததைப் போல, பல அழுத்தங்களுக்குப் பிறகுதான் மெல்ல மேலேறும். கையை எடுத்தால் சில நொடிகளில் அத்தனையும் கீழே போய்விடும். நாடி பார்க்கிறோம், குழாய் போடுகிறோம், ஆளைப் புரட்டுகிறோம் என்று ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் மறுபடி அடியிலிருந்து தொடங்குகிறோம்.

இதைக் கண்ணால் காட்டும் கருவி ஒன்று உண்டு. நான் மனதார ஆதரிக்கும் கருவிகளில் அதற்கே முதலிடம். மூச்சுக்குழாயோடு இணைத்து, வெளிவரும் காற்றில் கரியமிலவாயு எவ்வளவு என்று காட்டும் காப்னோகிராஃப். நுரையீரலுக்கு ரத்தம் வந்தால்தான் அந்த வாயு வெளியே வரும். ஆகவே திரையில் தெரியும் எண், அழுத்துகிற கையின் தரத்துக்கே மதிப்பெண் போடுகிறது. புதிதாகக் கை மாற்றியவர் அழுத்தும்போது எண் 18, 20 என்று நிற்கும். ஒன்றரை நிமிடம் ஆனதும் 15, பிறகு 12 என்று சரியத் தொடங்கும். அழுத்துகிறவரைக் கேட்டால் “பரவாயில்லை, இன்னும் முடியும்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. களைப்பு அவருக்குத் தெரிவதற்கு முன்பே அவர் கைக்கு வந்துவிட்டது. 1995இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதையே பயிற்சிப் பொம்மையில் அளந்தது. முதல் நிமிடத்தில் ஏறத்தாழ 93 விழுக்காடு அழுத்தங்கள் சரியாக இருந்தன. ஐந்தாவது நிமிடத்தில் 18 விழுக்காடுதான் தேறின. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்ற விதிக்கு இதுதான் அடிப்படை. களைத்தவர் கேட்டு மாற்றுவதாக இருந்தால் அந்த மாற்றம் தாமதமாகத்தான் நடக்கும். கடிகாரம் பார்க்க ஒருவரை நிறுத்தி, அவர் வாய்விட்டுச் சொல்ல, அடுத்தவர் முன்கூட்டியே எதிர்ப்பக்கத்தில் தயாராக நிற்க வேண்டும். மின்னதிர்ச்சிக் கருவியில் மின்னேற்றம் நடக்கும்போதும் கை நெஞ்சில் இருக்க வேண்டும். அதிர்ச்சிக்கு முன்னால் 20 நொடியும் அதற்கு மேலும் அழுத்தத்தை நிறுத்தியவர்களில் பிழைக்கும் வாய்ப்பு, 10 நொடிக்குள் முடித்தவர்களைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2011இல் வந்த ஒரு வட அமெரிக்க ஆய்வு காட்டியது. இவை எதற்கும் டெண்டர் விட வேண்டியதில்லை.

கை களைக்கும் என்றால் களைக்காத இயந்திரம் கட்டாயம் வெல்ல வேண்டுமே என்பது நேர்மையான கேள்வி. ஆய்வுகளில் அது வெல்லவில்லை. 2014இல் வெளியான லிங்க் ஆய்வில் ஸ்வீடன், பிரிட்டன், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் 2589 நோயாளிகள் இருந்தார்கள். நான்கு மணி நேரம் கழித்து உயிரோடிருந்தவர்கள் இயந்திரத்தால் அழுத்தப்பட்டவர்களில் 23.6 விழுக்காடு, கையால் அழுத்தப்பட்டவர்களில் 23.7. அடுத்த ஆண்டு பிரிட்டனில் 4471 பேரை வைத்து வந்த பாராமெடிக் ஆய்வில் முப்பது நாள் பிழைத்தவர்கள் இயந்திரப் பக்கம் 6 விழுக்காடு, கைப் பக்கம் 7. மூச்சு உள்ளிழுக்கும் வழியில் பொருத்தி, நெஞ்சுக்குள் எதிர்மறை அழுத்தத்தைக் கூட்டி, இதயத்துக்கு ரத்தம் திரும்பச் செய்வதாகச் சொல்லப்பட்ட சிறு வால்வு ஒன்றும் உண்டு. விலங்குகளிடம் அருமையாக வேலை செய்த அதை 8718 பேரிடம் சோதித்தார்கள். உண்மை வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும் போலி வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும் முடிவில் வித்தியாசம் இல்லை என்று 2011இல் அறிவித்தார்கள்.

எதிர்வாதத்துக்கு உரிய சான்றையும் வைத்துவிடுகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர் உறிஞ்சியால் ஒரு குடும்பம் தங்கள் வீட்டுக்காரரின் நெஞ்சை அழுத்தி இழுத்துக் காப்பாற்றியதை 1990இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. அழுத்துவதோடு மேலே இழுக்கவும் செய்யும் கைக்கருவி அதிலிருந்து பிறந்தது. அந்தக் கருவியையும் மேற்சொன்ன வால்வையும் சேர்த்துப் பயன்படுத்திய இன்னோர் ஆய்வில், மூளை நல்ல நிலையில் வீடு திரும்பியவர்கள் 6 விழுக்காட்டிலிருந்து 9 ஆனார்கள். அது சிறிய விஷயமில்லை. ஆனால் அந்தக் கருவியை இழுத்து அழுத்துவதும் மனிதக் கைதான், அதுவும் தனியாகப் பயிற்சி பெற்ற கை. கருவியின் பங்கையும் பயிற்சியின் பங்கையும் பிரித்துச் சொல்வது கடினம்.

பிஸ்டன் ஏன் வெல்லவில்லை என்பதற்கு என் விளக்கம் எளியது. அது வரும்போது நேரம் போய்விடுகிறது. அம்புலன்ஸில் ஏறி, நெரிசலில் ஊர்ந்து, படியேறி வருகிறது. வந்த பிறகும் ஆளைத் தூக்கிப் பலகையை நுழைக்கவும் சட்டத்தைப் பூட்டவும் கிண்ணத்தைச் சரியான இடத்தில் இறக்கவும் அழுத்தத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. பழகிய குழு பத்து நொடிக்குள் முடிக்கும். பழகாத குழு அரை நிமிடத்தைத் தின்றுவிடும். இதயம் நின்ற பிறகு எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பிலிருந்து 7 முதல் 10 விழுக்காடு வரை கழிகிறது. முதல் எட்டு நிமிடம் யாரும் தொடாத நெஞ்சை ஒன்பதாவது நிமிடத்திலிருந்து எவ்வளவு சீராக அழுத்தினாலும் இழந்த மூளையைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 17 நகரங்களில் நடந்த ஆய்வை இந்தத் துறையில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். விரைவாக மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்த ஊர்களில், மூச்சுக்குழாய் போடுவதும் நரம்பில் மருந்து ஏற்றுவதும் தெரிந்த உயர்நிலை அம்புலன்ஸ் பணியாளர்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2004இல் வந்த முடிவு: சேர்ப்பதற்கு முன் பிழைத்தவர்கள் 5.0 விழுக்காடு, சேர்த்த பின் 5.1. அதே ஆய்வில், பக்கத்தில் இருந்த சாதாரண மனிதர் நெஞ்சை அழுத்தியிருந்தால் பிழைக்கும் சாத்தியம் மூன்றரை மடங்குக்கு மேல் கூடியிருந்தது. நாங்கள் பெரிதாக நினைக்கிற மருந்துக்கும் இதே கதி. பிரிட்டனில் 8014 பேருக்கு அட்ரினலின் அல்லது உப்புநீர் கொடுத்துப் பார்த்து 2018இல் அறிவித்தார்கள். முப்பது நாள் பிழைத்தவர்கள் மருந்துப் பக்கம் 3.2 விழுக்காடு, உப்புநீர்ப் பக்கம் 2.4. பிழைத்து வீடு திரும்பியவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் மருந்துப் பக்கம் 31 விழுக்காடு, மறுபக்கம் சுமார் 18. மருந்து இதயத்தை எழுப்புகிறது. காத்திருந்த மூளையை எழுப்ப அதனால் முடியவில்லை. “இப்படிக் கிடப்பதற்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்” என்று குடும்பத்தார் மனம் வெதும்பிச் சொல்வதைக் கேட்காத அவசரப் பிரிவு கிடையாது. மீட்பு முயற்சியின் மீதே நம்பிக்கை இழக்க இது காரணமாகிறது. ஆனால் அந்த மூளையைக் கெடுத்தது பெரும்பாலும் முயற்சிக்கு முன்னால் கழிந்த வெற்று நிமிடங்கள்.

அந்த நிமிடங்கள் நம் ஊரில் எங்கே போகின்றன? பிரிக்பீல்ட்ஸிலிருந்து மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் கோலாலம்பூர் மருத்துவமனையும் வரைபடத்தில் பக்கம்தான். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. தூரம் நம் எதிரி இல்லை. மாலையில் துன் சம்பந்தன் சாலையில் நிற்கும் வாகனங்கள், தீபாவளிக்கு முந்தைய வாரம் தெங்கு கிளானா சாலையில் அசையாத கூட்டம், கூட்டரசு நெடுஞ்சாலையின் அன்றாட நெரிசல், அதன் பிறகு அடுக்குமாடி. வண்டி கீழே நின்றதும் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். லிஃப்டுக்குக் காத்து, பதினான்காவது மாடிக்கு ஏறி, நீண்ட நடையைக் கடந்து, பூட்டிய இரும்புக் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போக இன்னும் சில நிமிடங்கள் வேண்டும். ஆசிய நாடுகளின் கூட்டு ஆய்வான பாரோஸில் மலேசியாவும் சேர்ந்திருக்கிறது. 2015இல் அது வெளியிட்ட முதல் பெரிய அறிக்கையில் ஏழு நாடுகளின் அறுபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகள் இருந்தன. பக்கத்தில் இருந்தவர் நெஞ்சை அழுத்திய விகிதம் நாட்டுக்கு நாடு ஏறத்தாழ 10 விழுக்காட்டிலிருந்து 41 வரை வேறுபட்டது. பெரும்பாலானவை வீட்டில் நடந்தவை. அதாவது, பக்கத்தில் இருந்தவர் மனைவி, மகன், மருமகள்.

அந்த மருமகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யார் சொல்வது? 999க்கு அழைத்தால் முதலில் ஒருவர் எடுத்து, பிறகு மருத்துவமனையின் ஒருங்கிணைப்பு மையத்துக்கு மாற்றுகிறார். அங்கே தொலைபேசி எடுப்பவர், அழைத்தவரின் கையைத் தம் கையாக்கிக்கொள்ள முடியும். தொலைபேசியில் வழிகாட்டி நெஞ்சை அழுத்தவைப்பது சியாட்டிலில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. சிங்கப்பூர் 2012இல் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே பொதுமக்கள் நெஞ்சை அழுத்தும் விகிதம் அங்கே ஏறக்குறைய இரட்டிப்பானது. டென்மார்க்கில் பள்ளிப் பயிற்சி, வாகன ஓட்டுநர் உரிமத்துக்கு முதலுதவி வகுப்பு என்று பல வழிகளில் முயன்றார்கள். 2001இல் 21 விழுக்காடாக இருந்த அந்த விகிதம் 2010இல் 45ஐத் தொட்டது. முப்பது நாள் பிழைத்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 ஆனார்கள். எந்த பிஸ்டனும் எந்த ஆய்விலும் இப்படி மும்மடங்காக்கிக் காட்டியதில்லை. அந்தப் பத்தாண்டில் மற்ற சிகிச்சைகளும் முன்னேறின என்று ஒருவர் சொல்லலாம்; உண்மைதான். ஆனால் ஸ்வீடனில் 30,381 நிகழ்வுகளைப் பார்த்த ஆய்விலும் அம்புலன்ஸுக்கு முன்பே அழுத்தப்பட்டவர்களில் 10.5 விழுக்காடும், அழுத்தப்படாதவர்களில் 4 விழுக்காடும் பிழைத்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து அளந்தாலும் எண்கள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

இங்கே நம் சமூகம் எதிர்கொள்ளும் இரண்டு சிக்கல்கள். ஒன்று, இழுப்பு. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு வாய் திறந்து, தாடை அசைந்து, இடைவெளி விட்டு விட்டு மூச்சை இழுப்பதுபோல் இருக்கும். “அப்பா மூச்சு விட்றாரு, ஆனா ஒரு மாதிரி இழுக்குது” என்று வீட்டில் சொல்வார்கள். அது மூச்சு இல்லை. மூளைத்தண்டின் கடைசி அனிச்சைச் செயல். ஆளுக்கு நினைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் கையை வைக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி இந்த இரண்டுதான். இன்னொன்று, மொழி. அழைப்பு மையத்தில் பேச்சு பெரும்பாலும் மலாயில் நடக்கும். நம்மில் பலர் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் வீட்டில் தனியாக இருக்கிற எழுபது வயதுப் பாட்டிக்குப் பதற்றத்தில் வருவது தமிழ்தான். “அம்மா, போனை ஸ்பீக்கர்ல போடுங்க. அவரைத் தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. நெஞ்சு நடுவுல ஒரு கை, அது மேல இன்னொரு கை. நல்லா அழுத்துங்க, நான் எண்ணுறேன், என்னோட சேர்ந்து எண்ணுங்க” என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒருங்கிணைப்பு மையங்களில் தமிழும் சீனமும் பேசுகிற பணியாளரை ஒவ்வொரு ஷிஃப்டிலும் வைப்பதற்கும் அவர் கையில் இப்படி ஒரு எழுத்துவடிவம் கொடுப்பதற்கும் ஆகும் செலவு, ஒரு பிஸ்டன் இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனங்களைவிட அதிகம் என்று தேசிய நலவாழ்வு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அடைபடும் குழாய்களில் நம் பங்கு பெரிது. ஆகையால் இதை யாரும் சலுகை கேட்பதாக நினைக்கத் தேவையில்லை.

தெரியாதவர் அழுத்தினால் விலா ஒடியாதா, அது உயிரோடிருப்பவரைக் கொன்றுவிடாதா என்பது அடுத்த அச்சம். விலா ஒடியலாம், சரியாக அழுத்தும் எங்கள் கையிலும் ஒடிகிறது. இதயம் நிற்காதவர்களைத் தவறுதலாக அழுத்திய நிகழ்வுகளைச் சியாட்டில் வட்டாரத்தில் தேடிப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவின்படி, அப்படி அழுத்தப்பட்ட 247 பேரில் சுமார் 12 விழுக்காட்டினருக்கு வலி, 2 விழுக்காட்டினருக்கு எலும்பு முறிவு. உள்ளுறுப்புக் காயம் ஒருவருக்கும் இல்லை. ஒடிந்த விலா ஆறு வாரத்தில் கூடும். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமே என்ற கூச்சமும் பலருக்கு. பெரியவர் திடீரென விழுந்தால் முதல் நிமிடங்களுக்கு வெறும் அழுத்தமே போதும். நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சு கொடுப்பது முக்கியம். அதைப் பயிற்சியில் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இயந்திரம் கூடவே கூடாது என்று முடித்தால் நான் சான்றுக்கு அநியாயம் செய்தவனாவேன். கை வேலை செய்ய முடியாத இடங்கள் உண்டு. பழைய அடுக்குமாடிகளின் லிஃப்டில் ஸ்ட்ரெச்சரைப் படுக்கைவாட்டில் ஏற்ற முடியாது. சாய்த்து நிறுத்தினால்தான் கதவு மூடும். அந்த நேரம் முழுக்க யாராலும் அழுத்த முடியாது. ஓடும் வண்டியில் நின்றபடி அழுத்துகிறவர் ஒரு திருப்பத்தில் தூக்கி எறியப்படலாம். இதயக் குழாய் அடைப்பைத் திறக்கும் அறையில் எக்ஸ்ரே கற்றைக்கு நடுவே கையை நீட்டிக்கொண்டிருப்பதும் நடவாது. இந்த மூன்று இடங்களிலும் பிஸ்டன் தன் விலைக்குத் தகுதியானது. அதேபோல் ரத்தத்தை வெளியே எடுத்து உயிர்வளி ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ. மினியாபொலிஸில் நடந்த சிறிய ஆய்வில் அந்த வழியில் 43 விழுக்காட்டினர் பிழைத்தார்கள், வழக்கமான முறையில் 7 விழுக்காட்டினர். எண்ணைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் மொத்தமே 30 பேர், தேர்ந்தெடுத்த நோயாளிகள், அதையே தொழிலாகக் கொண்ட ஒரு குழு. பல மருத்துவமனைகள் சேர்ந்து நெதர்லாந்தில் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. எக்மோவுக்குத் தகுதி பெறும் நோயாளி யார் என்று பார்த்தால், விழுந்தவுடன் யாரோ நெஞ்சை அழுத்தியவர்தான்.

நுட்பமே பலன் தந்த ஒரு எடுத்துக்காட்டை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதயத்தின் கீழறைகள் நடுங்கிக்கொண்டே இருந்து, மூன்று மின்னதிர்ச்சிக்கும் அடங்காத நோயாளிகளை 2022இல் வெளியான ஒண்டாரியோ ஆய்வு ஒன்றில் மூன்று பிரிவாக்கினார்கள். ஒட்டுப்பட்டைகளை வழக்கமான இடத்திலேயே வைத்துத் தொடர்ந்தபோது வீடு திரும்பியவர்கள் 13 விழுக்காடு. பட்டைகளை நெஞ்சின் முன்னும் முதுகின் பின்னுமாக மாற்றி ஒட்டியபோது சுமார் 22 விழுக்காடு. இரண்டு கருவிகளை வைத்து அடுத்தடுத்து அதிர்ச்சி கொடுத்தபோது 30. முன்னும் பின்னுமாக ஒட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு புதிய பட்டை. இப்போதிருக்கிற எந்த அம்புலன்ஸிலும், எந்த மாவட்ட மருத்துவமனையிலும் நாளைக்கே செய்யலாம். செய்ய வேண்டியது, ஆளைப் புரட்டுகிற அந்தச் சில நொடிகளை ஒத்திகை பார்த்து வைப்பது மட்டுமே.

தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவியான ஏஇடியை நான் பிஸ்டனுக்கு வெகு முன்னால் வைக்கிறேன். லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளின் பாதுகாவலர்களுக்கு அதைக் கொடுத்தபோது, நடுங்கும் இதயத்தோடு விழுந்தவர்களில் மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி பெற்ற 74 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். மூன்று நிமிடம் கடந்தவர்களில் 49. மருத்துவர் யாரும் அங்கே இல்லை. நம்மிடமும் விமான நிலையத்திலும் பெரிய வணிக வளாகங்களிலும் இந்தக் கருவிகள் தொங்குகின்றன. மக்கள் விழுவதோ பெரும்பாலும் வீட்டில். கூட்டம் சேர்கிற இடம் கோயில், கல்யாண மண்டபம், காலைச் சந்தை. அடுக்குமாடி நிர்வாகக் குழுக்கள் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு கருவி வாங்கலாம். ஆனால் அதை மேலாளர் அறைக்குள் வைத்து மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டுப் போனால் வாங்கியதும் வாங்காததும் ஒன்றே. காவலர் கூண்டில், இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கிற இடத்தில் அது இருக்க வேண்டும். பேட்டரிக்கும் பட்டைக்கும் காலாவதித் தேதி உண்டு. அதைப் பார்க்கிற பொறுப்பு ஒருவர் பெயரில் எழுதப்பட வேண்டும். காவலருக்கு லிஃப்டைக் கீழ்த்தளத்தில் நிறுத்திப் பிடித்து வைக்கச் சொல்லித்தர வேண்டும். தைப்பூசக் கூட்டத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட ஆள் திரட்டுகிற இளைஞர் மன்றங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையில் பத்துப் பொம்மைகளை அடுக்கி, ஒரு புளோக்கில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் ஆளுக்கு இரண்டு நிமிடம் அழுத்தக் கற்றுக்கொடுத்துவிட முடியும்.